ஆறே முக்காலுக்கு வர்றவன்

"நம்ம வீட்டுக்குள்ளே தினமும் எவனோ வந்துட்டுப் போறான்டி!"

நான் போட்ட சத்தத்தில் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"எவன்? எங்கே?"

"சர்வருக்குள்ளே!"

மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரி பக்கத்தில் இருக்கிற கறுப்புப் பெட்டிதான் சர்வர். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து நானே செய்தது. குடும்பப் படம் மொத்தமும் அதில். அம்மா கண்ணை மூடுவதற்கு முந்தின வருஷம் நான் எடுத்த வீடியோக்களும் அதில் மட்டும்தான். சொந்தக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று இன்டர்நெட்டில் திறந்துவிட்டேன்.

எல்லோருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன், தம்பி ஒருத்தனைத் தவிர.

அவன் ஏதோ ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். திறந்துவிட்ட அன்றைக்கே, அத்தனை பேர் முன்னால், "வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாம ஊரையே கூப்பிடறியேண்ணா. பாஸ்வேர்டும் அம்மா பேர்தான்னு நீ சொல்லாமலே தெரியுது. எவனாவது உள்ளே பூந்து எல்லாத்தையும் அழிச்சிடுவான்" என்றான்.

நான் இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் மெக்கானிக். மனுஷ உயிரைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்குகிறவன். எனக்குப் பாதுகாப்பு சொல்லித் தருகிறானாம்!

"வெளியே போடா!" என்றேன். போனான்.

எட்டு மாசமாகப் பேச்சு கிடையாது. எட்டு மாசத்தில் ஒரு பய உள்ளே நுழைந்ததும் கிடையாது. அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

இன்றைக்கு அத்தை போன் பண்ணினாள். "மூணு தடவை பாஸ்வேர்டைத் தப்பாப் போட்டுட்டேன், உன் பெட்டி என்னை வெளியே தள்ளிடுச்சுடா!"

அப்படி எதையும் நான் வைக்கவில்லையே! பெட்டிக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒருத்தன் வருகிறான், ரெண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போகிறான்.

"என்னைத் தவிர அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிஞ்சவ நீதான். யாருக்குடி வழி விட்டே?"

"உங்க தம்பிக்கு" என்றாள், கொஞ்சம்கூட அசராமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, வெட்கமாயில்லே? திருட்டுத்தனமா என் வீட்டுக்குள்ளே வர்றே! அம்மா வீடியோவை அமுக்கத்தானே?"

"இல்லேண்ணா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வாயை மூடு!"

போனை வைத்த கையோடு உட்கார்ந்து அவன் கணக்கைத் துடைத்தேன். அவன் உள்ளே என்னென்னவோ வைத்திருந்தான். என்ன ஏது என்று பார்க்கவில்லை, ஒன்று விடாமல் அழித்தேன்.

"எதுக்கு வர்றார்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் மனைவி.

"கொழுந்தனுக்கு வக்காலத்தா? இரு, அவன் லட்சணத்தைச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பறேன்!"

ஆதாரத்துக்காக அவன் ரெண்டு ரெண்டு நிமிஷம் என்ன செய்தான் என்று, பெட்டி தானே எழுதி வைக்கிற பதிவைத் திறந்தேன்.

அம்மா வீடியோவை அவன் ஒரு தடவைகூடத் தொடவில்லை. எட்டு மாசமும் தினம் ஒரே மாதிரி வரிதான் இருந்தது.

'வெளியாள் தட்டியது: 212. தள்ளியது: 212.'

'வெளியாள் தட்டியது: 340. தள்ளியது: 340.'

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். நான் துடைத்ததற்குப் பிறகான பத்து நிமிஷம் அது. யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறார்கள். மூணாவது தடவை, நாலாவது தடவை, பதினெட்டாவது தடவை... தள்ளத்தான் யாரும் இல்லை. கண்ணெதிரே வரிசை ஏறிக்கொண்டே போனது.



போன் அடித்தது. தம்பி. நான் வாய் திறப்பதற்குள் அவனே கத்தினான்.

"என்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்கோண்ணா. நான் வெச்ச காவலை நீ அழிச்சது எனக்கு இங்கே தெரியுது. முதல்ல ஓடிப்போய் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கு. அம்மா உள்ளே இருக்கா!"