முகம் திருப்பாத சக்கரம்

போட்டி ரோபோவுக்கு எந்தச் சக்கரம் என்ற சண்டையில்தான் ரெஜினாவுக்கும் எழிலுக்கும் பேச்சு நின்றுபோனது. ரப்பர் சக்கரம் போட்டால் எவராலும் நம்மை இடித்துத் தள்ள முடியாது என்பாள் ரெஜினா. விளிம்பெல்லாம் சாய்வாக உருளைகள் பதித்த சக்கரம் போட்டால், திரும்பாமலேயே பக்கவாட்டில் நகரலாம் என்பாள் எழில். எழிலின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது; பள்ளிக்கு இன்றுதான் கடைசியாக வருகிறாள். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு தடவை பாருடி," என்று எழில் தன் சக்கரங்களை மாட்டி, ரோபோவைத் தரையில் விட்டாள். மாலை வெயில் தேங்கிய தரை குளம்போல் இருந்தது. கேமராக் கண்ணை ரெஜினாவின் மேல் வைத்தபடியே அது சருகு மிதப்பதுபோல ஓரமாக விலகி விலகி, வாசல்வரை போய் நின்றது. அப்போதும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "இதுக்குத்தான் இந்தச் சக்கரம் கேட்டேன்," என்றாள் எழில். பையை மாட்டிக்கொண்டு, ரெஜினாவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், அவளும் அதேபோல் பக்கவாட்டில் வாசலை நோக்கி நகர ஆரம்பித்தாள். "அங்க படி இருக்குடி, திரும்பிப் பாத்துப் போ," என்று ரெஜினா கத்தினாள். எழில் திரும்பவில்லை.