மூன்றாவது வரிசை அதிபர்

தலைவரின் ஆளுயரப் படத்தின் கீழே டிவி அலறிக்கொண்டிருந்தது. உலக மாநாட்டில் தலைவர் பேசப் போகிறார்.

டிரைவரின் மனைவி, எதிர்வீட்டு டீச்சரிடம் சவால் விட்டாள்.

“உலகமே எந்திரிச்சுக் கைதட்டும் பாருங்க. தட்டலேன்னா இந்தப் படத்தைக் கழட்டிடறேன்!”

“தட்டிட்டா, நானும் ஒண்ணு வாங்கி எங்க ஹால்ல மாட்டறேன்.”

தலைவர் கர்ஜித்தார். கைதட்டலில் அரங்கத்தின் கூரை இரண்டடி எழும்பி இறங்கியது. மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் அதிபர், நாற்காலி மேலேறி விசிலே அடித்தார்.

அவள் சட்டென்று டிவியை அணைத்தாள்.

“ஜெயிச்சுட்டு ஏம்மா முழிக்கிறே?” என்றபடி டீச்சர் படம் வாங்கக் கிளம்பினாள்.

போன் அடித்தது. மாநாடு நடக்கும் ஊரில், நம் தூதரகத்தில் கார் ஓட்டும் கணவர்.

“அதிபர் வேஷம் எடுபட்டுச்சா?”

“விசில்லயே கண்டுபிடிச்சிட்டேன். நிஜ அதிபருங்க எங்கே?”

“தலைவர் மைக்கைத் தொட்டதுமே எழுந்து போயிட்டாங்க. காலி நாற்காலியை டிவியில காட்ட முடியுமா? அதான் எங்களை உக்கார வெச்சாங்க. முதல் வரிசை மகாராஜா நம்ம சமையல்காரர்!”

அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். பிறகு ஜன்னல் வழியே கத்தினாள்:

“டீச்சர்! புதுசு வாங்காதீங்க, இதையே எடுத்துக்கங்க!”