திங்கட்கிழமைக்கு ஒரு நாற்காலி

“கோவம் வந்தா சார் மேஜையைக் குத்துவாங்களாம்மா? கண்ணாடி டேபிள் போடலாமான்னு பார்க்கத்தான் கேக்கேன்.”

முதலாளி அறைக்கு மேஜை நாற்காலி செய்ய வந்த ரோஸ்மேரி கேட்டதும் செல்லாத்தாள் சிரித்துவிட்டாள். பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரியின் மனைவி அவள்.

“எம்.டி. மேஜையெல்லாம் குத்த மாட்டாங்க கண்ணு. பேசாம சாஞ்சுக்குவாங்க. எதுத்தாப்பல இருக்கறவங்களுக்குத்தான் வேர்த்துப் போயிரும்.”

ரோஸ்மேரிக்கு ஆவல் கூடியது. ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாக் கட்டுப்பாடு நீங்கித் தொழில் பெருகியதிலிருந்து திருப்பூரில் எத்தனையோ முதலாளிகளுக்கு அறை அமைத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லோரும் கேட்டது சிங்க முகக் கைப்பிடி. இவர் வேறு மாதிரி. உட்காருகிறவரின் குணம் தெரியாமல் அவளுக்கு நாற்காலி வரைய வராது.

“விலையைக் கொறைக்கச் சொன்னா?”

செல்லாத்தாள் சன்னலைப் பார்த்து யோசித்தாள். “முடியாதும்பாங்க. ஒரே ஒருக்கா. அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேச்சே கெடையாது.”

“யாராச்சும் புகழ்ந்தா?”

“கேட்டுக்குவாங்க. மயங்க மாட்டாங்க.”

“அப்படிப்பட்டவங்ககூட இருக்க உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“கொஞ்சம் இருக்குதுங் கண்ணு.”

“சாரை ஒருதரம் உக்கார வச்சு அளவெடுக்கணுமே?”

“ஒசரம் என்னளவுதான், என்னையே அளந்துக்க. திங்கக்கிழமை ஜெர்மனிக்காரர் வர்றாரு. போன தடவை, ‘இங்க முடிவெடுக்கறது யாரு?’ன்னு கேட்டுட்டு ஆர்டர் கொடுக்காமயே போயிட்டாரு. இந்தத் தடவையும் போயிட்டா கம்பெனியைப் பூட்டறதுதான். உள்ள நுழையறப்பவே அவருக்கு ஆளு தெரியோணும்.”

வீட்டில் வரையும்போது ரோஸ்மேரி, தானே அந்த மனிதரைப்போல் பேசாமல் சாய்ந்து பார்த்தாள். அடுக்களையிலிருந்து அவளுடைய அம்மா ஏதோ கேட்டாள்; உடனே வாய் திறந்துவிட்டது. பதில் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா? அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது? நேரான முதுகு, அகலமான கைகள், ஒரு பூ வேலைகூட இல்லை. அப்படித்தான் வந்தது நாற்காலி.

திங்கட்கிழமை காலை அதைப் போட்டுவிட்டும் அவள் கிளம்பவில்லை. அந்த மனிதரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

வாசலில் ஹாரன் கேட்டது. அறையில் செல்லாத்தாள் மட்டும் நின்றிருந்தாள்.

“கார் வந்துட்டும்மா! சார் எங்க?”

“அவரு மூணு மாசமாப் படுத்த படுக்கைங் கண்ணு. நல்லா இருந்தப்பவும், ஆரு என்ன கேட்டாலும் சரிங்கற மனுசன்.”

“அப்ப நீங்க சொன்ன எம்.டி.?”

செல்லாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவங்களை நானும் இன்னும் பாத்ததில்லைங் கண்ணு. இன்னிக்குத்தான் வரோணும்.”