உடைக்க எவ்வளவு நேரம்?

"இந்தப் பூட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் வந்தவர்.

பூட்டுக்கடைக்காரருக்குக் கேள்வி பிடித்துப்போனது. ஊரில் திருட்டுப் பயம் கூடியதிலிருந்து அவருக்கு நல்ல வியாபாரம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். இவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கதவில் பதிக்கிற பூட்டு அது, மூன்று தாழ் கொண்டது. கடைக்காரர் அதைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார். சாவியைத் திருப்பினால் எஃகுத் தாழ் மூன்றும் கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பவர் இந்தக் குமிழை ஒரு திருகு திருகிவிட்டால், வெளியே நிற்பவனிடம் சாவியே இருந்தாலும் பிரயோஜனமில்லை.

"கள்ளச்சாவி வேலையெல்லாம் இதுகிட்ட நடக்காது. எவன் வந்து முட்டினாலும் கொஞ்சம்கூட அசையாது. வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தர்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்ல."

வந்தவர் இடது கையால் அந்தப் பூட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "இது வேணாங்க. இதைவிட லேசா ஒண்ணு காட்டுங்க."

இரண்டு தாழ்ப் பூட்டு வந்தது. அதற்கும் அதே கேள்வி. கடப்பாரை இருந்தால் அரை மணியில் நெம்பிவிடலாம் என்றார் கடைக்காரர். வந்தவர் அதையும் வேண்டாம் என்றார். கடைசியில், அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒற்றைத் தாழ்ப் பூட்டைப் பார்த்ததும்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒரே ஆள், கையில ஒண்ணும் இல்லாம, தோளால முட்டினா இது திறந்துடுமா?"

கடைக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறவன் உடையாத பூட்டைத் தேடுவான். எது சீக்கிரம் உடையும் என்று கடைக்கு வந்து விசாரிக்கிறவன் எவன்? உற்றுப் பார்த்தார். பல நாள் தாடி, கசங்கிய சட்டை. வலது கையைத் தூக்கவே முடியவில்லை. காலர் ஓரத்தில் தோள் கன்றிப்போய்க் கருநீலமாகத் தெரிந்தது. எங்கோ சுவரேறிக் குதித்து விழுந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். மனதுக்குள் 'அவர்' போய் 'அவன்' வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆழம் பார்க்க, வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

"பொண்ணு மட்டும்தான். சின்னப் பிள்ளை. சாயங்காலம் வரைக்கும் தனியா இருக்கும்."

கடைக்காரருக்கும் ஒரு சின்னப் பெண் உண்டு. எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்து நின்றது. கல்லாவில் இருந்த மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனாள்.

போலீஸ் வரும்வரை அவனைப் பிடித்துவைக்க வேண்டுமே. கீலைப் பற்றியும் திருகாணியைப் பற்றியும் கடைக்காரர் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் முட்டினால்கூட இந்தப் பூட்டு திறக்குமா என்று விசாரித்தான். பெண்களும் இருக்கிற கூட்டமா என்று கடைக்காரருக்கு வியர்த்தது.

தெருமுனையில் நின்றிருந்த போலீஸ்காரர் உள்ளே வந்ததும் கடைக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சார், எந்தப் பூட்டு சீக்கிரம் உடையும்னு கேட்டுக்கிட்டு இருக்கான். சின்னப் பொண்ணு தனியா இருக்கிற வீடாம்."

போலீஸ்காரர் வந்தவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தோள் எப்படி இருக்கு? பொண்ணு சாப்பிடுதா?" என்று தணிந்த குரலில் கேட்டார். வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

போலீஸ்காரர் கடைக்காரரிடம் திரும்பினார்.

"போன வாரம் இவர் வீட்டுக் கதவை உடைக்க நாங்கதான் போனோம். இவர் சம்சாரம் நெஞ்சுவலி வந்து உள்ள விழுந்துட்டாங்க. உள்பக்கம் பூட்டியிருந்ததால இவர் சாவி வேலை செய்யல. நாங்க போறதுக்குள்ள தோளாலயே முட்டி முட்டி இப்படி ஆகிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நாங்க உடைச்சு முடிக்கறதுக்குள்ள குரல் நின்னுடுச்சு."

கடைக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, அது என்ன பூட்டு என்று கேட்டார். கேட்டபிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

வந்தவர் இடது கையை நீட்டி, முதலில் ஓரமாகத் தள்ளி வைத்த மூன்று தாழ்ப் பூட்டைத் தொட்டார்.

"அவளேதான் உங்ககிட்ட வந்து வாங்கினா. நான் குறை சொல்ல வரலைங்க. நீங்க சொன்ன மாதிரியே, கொஞ்சம்கூட அசையல."