வெறும் வயிற்றில் 188

"மிஷின் பொய் சொல்லுது டாக்டர். தூக்கிக் குப்பையில போடுங்க."

ஜெயபுஷ்பம் டீச்சர் சொன்ன தோரணைக்கு, மேஜைமேல் இருந்த அந்தச் சின்னக் கருவி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆம்பூரில் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியையாக இருந்து, சென்ற ஆண்டு, 2003இல், ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், குரலிலிருந்து அல்ல.

டாக்டர் வஹீதா நோட்டைப் பிரித்துப் படித்தார். டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. வெறும் வயிற்றில் 188. காலைச் சாப்பாட்டுக்குப் பின் 274. மதியம் 301. இரவு 266. ஐந்து நாளும் ஏறக்குறைய அப்படியேதான்.

எதிரே ஏழு மாத வயிற்றோடு மருமகள் எப்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ரெனால்ட், ஷூ கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தவன்.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதுபோல எப்சிக்கும் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் பத்தே நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். "பரவால்ல, வேற வழி இருக்கு" என்று டாக்டர்தான் இந்தக் கருவியையும் இருபது பட்டைகளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். தினம் நாலு வேளை விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, வருகிற எண்ணை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அன்றைக்கே டீச்சர் சிரித்தார்.

"நான் மூணு பெத்தேன். எந்தத் தண்ணியக் குடிச்சேன்? எந்த விரலைக் குத்தினேன்? எங்கம்மா காலத்துல மூத்திரத்துக்கு எறும்பு வருதான்னு பாப்பாங்க. உங்க மிஷின் இங்கிலீஷ்ல நம்பர் காட்டுது, எறும்பு காட்டாது. அவ்ளோதான் வித்தியாசம்."

இப்போது டாக்டர் நோட்டை மூடினார். "ரொம்ப ஜாஸ்தியா இருக்கு டீச்சர். மிஷின போன வாரம்தான் லேப்ல சரி பாத்தோம்."

"எங்க வீட்ல யாருக்கும் சக்கரை கிடையாது."

"மம்மி, இதுல உங்க வீடு எங்க வந்துச்சு?" ரெனால்ட் எரிந்து விழுந்தான். "எப்சியோட அப்பாவுக்கு சக்கரை இருக்கு டாக்டர். ஒடுகத்தூர்ல பத்து வருஷமா மாத்திரை சாப்பிடுறாரு."

"அவரை எதுக்குடா இழுக்கிற? பாவம், அந்த மனுஷன் இன்னா பண்ணாரு?"

ரெனால்ட் திகைத்துப்போனான். சம்பந்தியைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவன் கேட்டதே இல்லை. போன வாரம்கூட, "சக்கரை வியாதிய மறைச்சுப் பொண்ணு குடுத்த குடும்பம்" என்று எப்சியின் காதுபடவே சொன்னவர்.

"யாரு வழியா வந்ததுன்னு அப்புறம் பேசலாம்," என்றார் டாக்டர். "இப்படியே விட்டா குழந்தைக்கு ஆபத்து. லேபுக்கு ரத்தம் அனுப்புறேன், ரிசல்ட் சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. இப்பவே இன்சுலின் ஆரம்பிச்சு, வேலூருக்கு அனுப்பிடறேன். அங்க அட்மிட் ஆகட்டும்."

"வேலூரா!" டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஒரு டப்பா மிஷின் சொன்னதுக்கு வேலூரா? நாலு புக்கு படிச்சிட்டா இப்படித்தானா? விடைய நம்பாத, போட்ட வழியப் பாருன்னு நான் அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்கேன் டாக்டர்."

"வழியும் சரியாத்தானே இருக்கு டீச்சர்? இருபது தடவையும் நீங்களே குத்தி, நீங்களே எழுதினீங்க. இதைவிட யாரை நம்பறது?"

எப்சி வாயைத் திறந்தாள். மாமியார் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

நர்ஸ் அமிர்தவள்ளி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர்..." எப்சி ஊசியையே பார்த்தாள். "சக்கரை இல்லாதவங்களுக்கு இதைப் போட்டா இன்னா ஆகும்?"

"மயக்கம் போட்டு விழுவாங்க. வயித்துல இருக்கறதுக்கும் கஷ்டம். உங்களுக்குத்தான் முந்நூறு இருக்கே, நீங்க ஏன் பயப்படறீங்க? கையைக் காட்டுங்க."

எப்சி கையைக் காட்டவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அத்தை, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இன்னாடி சொல்லணும்?" என்றான் ரெனால்ட். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தபோது, பிரேயர் மணிக்கு மைதானத்தையே அடக்கிய அந்தக் குரலைக் காணவில்லை.

"மொத நாள் ஊசியக் கிட்ட கொண்டு போனதுமே கையை இழுத்துக்கிட்டு அழுதா டாக்டர். அவங்க வீட்டு ரத்தம் வேற எப்படி இருக்குமோன்னு எனக்கும் பயம். எங்க வீட்டு ரத்தம் சுத்தம், நம்பர் நல்லாத்தான் வரும், பிரச்சினை அதோட தீர்ந்துடும்னு நெனச்சேன்."

பிறகு தன் சேலையின் தோள் பக்கத்தை விலக்கி, நர்ஸின் முன்னால் கையை நீட்டினார்.

"ஊசிய எனக்குப் போடும்மா. அந்த நோட்டுல இருக்கறது பூரா என் ரத்தம்."