ஈரத் துண்டு

குளித்து வந்தவர் ஈரத் துண்டை உதறிக் கொடியில் காயப்போட்டார்.

"உங்களக் கட்டிக்கிட்டவ குடுத்து வச்சவ அண்ணே" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரு ஈரத் துண்ட மெத்தை மேலதான் வீசுவாரு. கத்திக் கத்தி என் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு."

"இப்போ திருந்தியிருப்பாரும்மா."

"யாரு, அவரா? அது திருந்துற ஜென்மமே இல்ல. வேலைக்குப் போயிருக்காரு. வந்ததும் நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அவர் துண்டை உருவி மெத்தை மேல் வீசினார். மறதி நோயில் கட்டிய கணவனையே மறந்துவிட்ட மனைவி, பழையபடி ஒரே ஒரு தடவை கத்தமாட்டாளா என்று ஏங்கி நின்றார்.

அவள் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"திட்டலையாம்மா?" என்றார்.

"ஐயோ, வீட்டுக்கு வந்தவங்களப் போய்த் திட்டுவாங்களா அண்ணே?"