ஒண்டிலிருந்து பத்து

"பத்துப் பேருக்குத்தான் தண்ணி கிடக்கு. எங்கட வட்டைப் பட்டியல்ல ஒண்டிலிருந்து பத்து வரைக்கும் வெட்டி எடு புள்ள," என்றார் வட்டை விதானை வினாயகமூர்த்தி. அந்த வட்டையின் வயல்களுக்குத் தண்ணி பங்கிடுவது அவர்தான். பட்டியலில் முதல் பெயரும் அவருடையதுதான்.

எல்லா வட்டைகளின் பட்டியலையும் ஒரே பெரிய பட்டியலுக்குள் தனித்தனியாக அடுக்கி, முறை வந்தவர்களுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராமை எழுத டவுனிலிருந்து வந்தவள் பிரஷாந்தி.

"ஐயா, கம்ப்யூட்டர் முதல் ஆளைப் பூச்சியம் எண்டுதான் எண்ணும்..."

"எனக்கு எண்ணப் படிப்பிக்கிறியா? சொன்னதைச் செய்!"

"ஓம் ஐயா."

ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் அவர் சொன்னபடியே அடித்தாள்.

மறுநாள் காலை விதானை பாய்ந்து வந்தார். "எனக்குச் செய்தி வரல்ல! என்ட வயலுக்குத் தண்ணி விடமாட்டானுகளாம்!"

"உங்கட இலக்கம் பூச்சியம் ஐயா. ஒண்டிலிருந்து பத்து எண்டா, ரெண்டாம் ஆளிலிருந்து பதினோராம் ஆள் வரைக்கும்."

"அப்ப என்ட தண்ணி ஆர்ட வயலுக்குப் போகுது?"

"மூண்டு போகமா நீங்க பதினோராவதாத் தள்ளிக் காயப்போட்ட கேதீஸ்வரிட வயலுக்கு," என்றாள் பிரஷாந்தி. "என்ட அம்மா."